ஏறாத பாட்டு

மாலில் இருந்த ஒரு செருப்புக் கடையின் சரக்கு அறையைத்தான் ஒப்பனை அறையாகக் கொடுத்திருந்தார்கள். கூரைவரை அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து மரிஃபே இஞ்சித் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போனிங், சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழச் சுருளைக் காகிதத்தில் பிடித்தபடி தின்றுகொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக அவளுக்குக் கீபோர்டு வாசிப்பவர். மேடை ஏறும் முன் எண்ணெயில் பொரித்த ஏதாவது உள்ளே போகவில்லை என்றால் அவருக்குக் கை ஓடாது.

"வெளிய நாலு மாடியும் நிறைஞ்சு கிடக்கு. பூசை முடிஞ்சு மரிகினா ஊரே இங்கதான் வந்திருக்கு போல" என்றார் அவர்.

"என்னைப் பாக்கவா, ஏசி காத்து வாங்கவா?"

"ரெண்டுக்கும்தான். உனக்குப் பாதி, ஏசிக்குப் பாதி."

அவள் சிரிக்கப் பார்த்தாள். இன்று புதிய ஆல்பத்தின் வெளியீடு. பெயர் 'தணிந்த குரலில்'. ஒன்பது பாட்டுகள், ஒன்பதிலும் ஒன்றுகூட ஏறாது. இந்த ஊர் காதல் பாட்டு எதுவானாலும் கடைசிச் சரணத்துக்கு முன் ஒரு நொடி நிற்கும், பிறகு ஒரு கட்டை மேலே தாவும், பாடகி கண்ணை மூடிக்கொண்டு உச்சிக்குப் போவாள், கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். பள்ளி விழாவில், கல்யாணத்தில், சந்து முனையில் காசு போட்டுப் பாடும் இயந்திரத்தின் முன்னால், எல்லாரும் அந்தத் தாவலுக்காகத்தான் மைக்கைப் பிடிப்பார்கள். மரிஃபேயின் புகழே அதனால் வந்ததுதான். பதினாறு வருடம் முன்பு ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பாடிய பாட்டின் முடிவில் அவள் நீட்டி நிறுத்திய ஸ்வரத்தைப் பிடிக்கப் போய்த் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அந்த மரிஃபே இப்போது ஏறாமல் பாடப்போகிறாள்.

"சமையலறையில ஒருத்தர்கிட்ட பேசுற மாதிரி பாடணும்னு ஆசை" என்று அவள் வானொலிகளில் சொல்லியிருந்தாள். முதல் தடவை சொன்னபோது வாக்கியம் சூடாக இருந்தது. ஏழாவது தடவைக்குள் யாரோ எழுதிக்கொடுத்ததைப்போல ஆகிவிட்டது. இப்போது அது உண்மைதானா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஏனென்றால் போன அக்டோபரில் தகாய்தாய் என்ற மலையூரில் ஒரு கல்யாணம் நடந்தது. தொடரில் வந்த அதே பாட்டு, அதே தாவல். வாயைத் திறந்தாள், அந்த ஸ்வரம் அங்கே இல்லை. உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சளி என்று சொல்லியிருக்கலாம். வெறும் காற்று வந்தது. போனிங் கண் இமைக்கும் நேரத்தில் கீழ்க்கட்டைக்கு இறக்கிவிட்டார். அவளும் சேர்ந்து இறங்கி, அழுவதைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு முடித்தாள். மணப்பெண் நிஜமாகவே அழுதாள். திரும்பி வரும்போது வேனில் இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நவம்பரில் அவள் கம்பெனியிடம் போய்ப் புதிய ஆல்பத்தின் யோசனையைச் சொன்னாள். ஆனால் 'பாட்டு ஏன் எப்போதும் ஏறியாக வேண்டும்' என்று நோட்டில் எழுதியது அதற்கு முன்னால். ஜூனில், மாடியில் துணி உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்து எழுதியதாக ஞாபகம். ஞாபகத்தில் வெயில் இருக்கிறது. நவம்பரிலும் வெயில் அடிக்கும். நோட்டில் தேதி இல்லை. முந்தாநாள் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பேனா மையின் நிறத்தைக்கூட முன்பக்கத்தோடு ஒப்பிட்டாள். எது முதலில் வந்தது, ஆசையா பயமா, என்று அந்த மை சொல்லவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மதர் டோட் வந்தார். ஐம்பது வயது ஆண், அவளுடைய மேனேஜர். ஆனால் தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் 'மதர்'தான். கையில் விசிறி, நெற்றியில் வேர்வை.

"மகளே, மால்காரங்க கேக்குறாங்க. முதல்ல பழைய பாட்டு ஒண்ணு பாடிட்டு அப்புறம் உன் சமையலறைக்குப் போயேன்."

"இல்ல மதர். புதுசு மட்டும்தான்."

"கறியும் மீனும் கேட்டு வந்தவங்களுக்கு வெறும் கஞ்சி ஊத்துறேங்குற."

"கஞ்சி நல்லா இருந்தா குடிப்பாங்க."

"இஞ்சி நிறைய போட்டா குடிப்பாங்க. நீ இஞ்சியை எல்லாம் நீயே குடிச்சிட்ட." அவர் குனிந்து அவள் கன்னத்துப் பவுடரை விரலால் சரிசெய்தார். "அழகா இருக்க. போ."

மேடையில் நின்றதும் அவளுக்குத் தரை தெரியவில்லை, மனிதர்கள்தான் தெரிந்தார்கள். நான்கு தளங்களின் கம்பிகளிலும் சாய்ந்து, பைகளைக் காலடியில் வைத்து, கைப்பேசிகளை நீட்டி. முதல் இரண்டு பாட்டுகளை மரியாதையாகக் கேட்டார்கள். மூன்றாவது, 'ஜன்னலைச் சாத்திவிட்டு வா'. மூன்று வாரமாக வானொலியில் ஓடிக்கொண்டிருப்பது. போனிங் முதல் நான்கு ஸ்வரங்களைத் தொட்டதுமே கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. மழை உள்ளே வருகிறது, பாய் நனைகிறது, ஜன்னலைச் சாத்திவிட்டு வா. வார்த்தைக்கு வார்த்தை தெரிந்திருந்தது. மரிஃபேக்கு நெஞ்சு இளகியது. சமையலறையில் ஒருவரிடம் பேசுவதைப்போல இரண்டாயிரம் பேரிடம் பேச முடியும்போல இருந்தது. ஆசைதான் முதலில் வந்தது என்று அந்தக் கணத்தில் சத்தியம் செய்திருப்பாள்.

கடைசிச் சரணத்துக்கு முன் பாட்டில் இரண்டு தட்டு மௌனம் உண்டு. அது முடிந்ததும் அதே கட்டையில், இன்னும் மெதுவாகத் திரும்ப வர வேண்டும். அவள் வந்தாள். கூட்டம் வரவில்லை. மூன்றாம் தளத்தில் யாரோ தொடங்கி, கண் மூடித் திறப்பதற்குள் மால் முழுக்க ஒரு கட்டை மேலே தாவியிருந்தது. வானொலியில் நூறு தடவை கேட்டிருப்பார்கள், அங்கே அது ஏறுவதில்லை. ஆனாலும் வாழ்நாள் பழக்கம் அந்த இரண்டு தட்டில் அவர்களைத் தூக்கிவிட்டிருந்தது. ஒருவர் முகத்திலும் தவறு செய்த அறிகுறி இல்லை.

அவள் கீழே, அவர்கள் மேலே. ஒரு வரி முழுக்க இரண்டும் உரசிக்கொண்டன. தன் பாட்டில் தானே சுருதி தப்பியவளைப்போல அவள் நின்றாள். போனிங்கைப் பார்த்தாள். அவர் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டிருந்தார், முகத்தில் ஒன்றுமில்லை. தகாய்தாயில் அவளைக் கேட்காமல் இறக்கிய மனிதர் இன்று எந்தப் பக்கமும் போகாமல் காத்திருந்தார்.

அவள் கை தானாக மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டியது. நூறு மேடைகளில் செய்த பழக்கம். வேண்டுமென்றே கீழே நின்று தங்களை மேலே அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். உச்சி ஸ்வரத்தை நான்கு தளங்களும் சேர்ந்து பிடித்தன, பாதிப் பேர் தப்பாக. எஸ்கலேட்டரில் ஒரு பெண், கையில் புதிதாக வாங்கிய வாளியும் துடைப்பமுமாக, வாயை முழுதாகத் திறந்து பாடியபடியே மேலே போய்க்கொண்டிருந்தாள்.

கைதட்டல் ஓயவில்லை. மேடையின் ஓரத்தில் மதர் டோட் விசிறியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது காதருகே வந்தார்.

"கள்ளி. என்கிட்டகூட சொல்லல பாத்தியா. நீ ஏறாம எங்களை ஏறவிடுற. இதுதான் உன் ஆல்பமா? இதுன்னா நான் எங்க வேணா விப்பேனே."

"அது இல்ல மதர்."

"அப்ப எது?"

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கூட்டத்தினர் அந்த ஸ்வரத்தை அவளுக்குத் தந்தார்களா, அவள் பாட்டை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை. இன்னும் மோசமான ஒன்று, அவர்கள் மேலே நின்றபோது தன் பாட்டு அங்கேதான் போக விரும்பியதோ என்று அவளுக்குத் தோன்றியது. தொண்டைக்குள் ஏதோ ஒன்று கூடவே எழும்பப் பார்த்தது. அது ஸ்வரமா, தகாய்தாயின் அதே காற்றா? வாயைத் திறக்காமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மேல்தளங்களில் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கம்பியைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். அதே பாட்டைத்தான் கேட்டார்கள்.

போனிங் குனிந்து, கீபோர்டின் ஒலியைச் சரிசெய்வதைப்போல விரலை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

"மரி. அந்த இடத்துல மேலயா, இங்கயேவா?"

"தெரியலண்ணே."

"நான் எங்க இருக்கட்டும்?"

"நீங்க ஆரம்பிங்க."

அவர் ஒரு நொடி அவளையே பார்த்துவிட்டு ஆரம்பித்தார். மழை உள்ளே வந்தது, பாய் நனைந்தது. முதல் சரணம் கடந்தது, இரண்டாவதும் கடந்தது. பிறகு இரண்டு தட்டு மௌனம். நான்கு தளங்களிலும் மனிதர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள், கம்பிகளுக்குப் பின்னால் தோள்கள் வரிசை வரிசையாக உயர்ந்தன. போனிங்கின் பத்து விரல்களும் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. மரிஃபேயும் மூச்சை இழுத்தாள். தணிந்த சரணத்துக்கு அவ்வளவு மூச்சு தேவையில்லை. ஆனாலும் அவளுடைய விலா எலும்புகள் விரிந்துகொண்டே போயின.