டொப் சத்தத்தை ஒழித்தவன்

ஓசூர் வட்டாரத்துக் கார் ஸ்பீக்கர்களில் ‘டொப்’ சத்தத்தை ஒழித்தவன் யார் என்று பிற்காலத்தில் யாராவது வரலாறு எழுதினால், அதில் தன் பெயர்தான் இருக்கும் என்பதில் கார்களுக்கு செட் மாட்டும் ஆஞ்சப்பனுக்குச் சந்தேகமே கிடையாது. பெங்களூர் ஆஸ்பத்திரி வாசலில் அப்பா கோவிந்தப்பனை மாருதி வேனில் படுக்கவைத்து, அம்மா கெம்பம்மா அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டபோதும் அதைத்தான் காவல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

“மத்தவன் மாட்டுன செட்டைப் போட்டா டொப்புனு ஒதைக்குங்க. நம்முளுது ஒதைக்காது. நாலு சேனலு, நாலு ஸ்பீக்கரு. தூங்கற கொழந்தகூட அசையாது.”

சூட்சுமம் சின்னதுதான். ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கென்று மெல்லிய நீல ஒயர் ஒன்று உண்டு. கேசட் செட்டோடு சேர்த்தால், செட்டைப் போடும்போது ஆம்ப் எழும், அணைத்தால் தூங்கும். எழும்போதுதான் அந்த டொப். ஆஞ்சப்பன் நீல ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டான். தூங்கினால்தானே எழுவதற்கு?

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரர் ரத்தினவேல், ஸ்பீக்கர் மாட்ட விட்டிருந்த வேன் அது. விஷயம் கேட்டதும், “மொதல்ல அப்பாவப் பாருப்பா” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாளாக ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வேன் நின்றது. ஆம்ப் மட்டும் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

சாவியைத் திருகினான். டிக். மறுபடி திருகினான். டிக்.

“என்னடா ஆச்சு?” என்றாள் அம்மா.

“பேட்டரி பழசும்மா.”

பேட்டரி போன மாசம் வாங்கியது.

ரெண்டு மணி நேரம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊருக்குப் போகவும் ரெண்டு மணி நேரம். முப்பது வருஷம் கல் உடைத்து, அடுத்தவன் கொட்டகையில் குடியிருந்த கோவிந்தப்பன், சொந்த வீடு கட்டிக் குடிபோய் மூன்று மாசந்தான் ஆகிறது. நினைவு தப்புமுன் ஒன்றே ஒன்று கேட்டார்: “என்னை என் ஊட்டுலருந்து தூக்குங்க.” ஆனால் வெளியில் உயிர் அடங்கினவரை அவர்கள் ஊரில் வாசப்படி ஏற்ற மாட்டார்கள். ஊர் எல்லை ஏரிக்கரையிலிருந்து நேரே சுடுகாடுதான்.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவர் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கி வேனைக் கிளப்ப நாற்பது நிமிஷம் ஆயிற்று. கிளம்புமுன் நீல ஒயரைப் பல்லால் கடித்து அறுத்தான்.

“கெளம்பிட்டோங்க,” என்றாள் அம்மா மடியைப் பார்த்து. “தோ, அத்திப்பள்ளி வந்துடும்.”

அத்திப்பள்ளி வந்தது. அதையும் சொன்னாள். ஓசூர் வந்ததும், “உங்க கம்பெனி பஸ்ஸு போவுது பாருங்க” என்றாள். அவருக்குக் கம்பெனியும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது; வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“அம்மா, சும்மா வாம்மா. ஒயரே குடுக்காத ஸ்பீக்கருகிட்ட பாட்டு கேக்கறியே. அவுருக்கு ஒண்ணும் கேக்காது.”

“உன்னையா கேட்டன்? நீ ரோட்டப் பாரு.”

கெலமங்கலம் தாண்டியதும் அம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. கண்ணாடியில் பார்த்தான். அவள் அப்பாவின் மூக்கருகே புறங்கையை வைத்திருந்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு முந்தானையால் அவர் வாயோரம் துடைத்து, தாடையை மெல்ல மூடி, அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“அம்மா...”

“ஓட்டுடா.”

ஊருக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் தொலைத்த நாற்பது நிமிஷத்தில் இந்த முப்பது போனால், பத்து மிச்சம். கணக்கில் அவன் எப்போதும் மக்குதான். இது மட்டும் உடனே வந்துவிட்டது.

“ராயக்கோட்ட மலை தெரியுதுங்க,” என்றாள் அம்மா. குரல் கொஞ்சமும் மாறவில்லை.

ஏரிக்கரையில் சித்தப்பா நாராயணப்பனும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். சித்தப்பா கையை நீட்டி வேனை நிறுத்தி, ஜன்னலில் தலையை விட்டார். கண் சிவந்திருந்தது.

“அண்ணி, அண்ணனுக்கு... உசுரு இருக்குதுங்களா?”

அம்மா வாயைத் திறந்தாள். இத்தனை தூரம் ஓயாமல் பேசி வந்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஞ்சப்பன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். அப்பாவின் காதருகே குனிந்தான்.

“யப்பா, ஊரு வந்துடுச்சு. சித்தப்பா வந்துருக்காரு.”

காதை அவர் வாயருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். தலையாட்டினான்.

“தண்ணி கேக்கறாரு சித்தப்பா. ஊட்டுக்குப் போயி குடிக்கறாராம். வழிய உடுங்க.”

சித்தப்பா அவனைப் பார்த்தார். அண்ணனின் வெளிறிப்போன காலைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பாதையில் நின்ற ஆடுகளை விரட்டியபடி, “தண்ணி எடுத்து வைங்கடீ, அண்ணன் வராரு!” என்று கத்திக்கொண்டே வண்டிக்கு முன்னால் ஓடினார்.

ஆஞ்சப்பன் முதல் கியரில் பின்னாலேயே போனான். ஊர்க்காரர்கள் பின்தங்கிவிட்டார்கள், காதில் வாங்க இனி வெளியாள் யாரும் இல்லை.

“யப்பா, கொஞ்சம் மேடுபள்ளம்,” என்றான். “கெட்டியா புடிச்சுக்கோ.”