உறையாத ரத்தம்

கிடங்குக்காரருக்குக் கீழ்வரிசைப் பற்கள் இரண்டில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும். ஈறை ஏற்றித் தைத்துவிடலாம், அவருடைய ரத்தத்திலிருந்தே ஒரு சவ்வு எடுத்து உள்ளே வைத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று பல் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான்கு மாதத்துக்கு முன் செய்த ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. கத்திக்குப் பயந்து நாளைக் கடத்தியவர், மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் அன்று காலை வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

நர்ஸ் அவர் கையிலிருந்து நான்கு குழாய் ரத்தம் எடுத்துச் சுழலும் இயந்திரத்தில் வைத்தாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து அது நின்றபோது, குழாயின் நடுவில் சவ்வுக்கான கட்டி மஞ்சளாக ஜெல்லி போலத் திரண்டிருக்க வேண்டும். அவள் ஒரு குழாயைச் சாய்த்தாள். சிவப்பு அடியில் தங்கியிருக்க, மேலே மஞ்சள் வெறும் தண்ணீராக ஆடியது. மற்ற மூன்றும் அப்படியே.

டாக்டரம்மா கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த பஞ்சை விலக்கிப் பார்த்தார். ஊசி குத்திய இடம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"ரத்தம் இளகுறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"காய்ச்சல் மாத்திரைகூட தொடமாட்டேன் டாக்டர்."

என்ன வேலை என்று விசாரித்தார். தானியக் கிடங்கு. எலித் தொல்லை. மாவில் மருந்தைப் பிசைந்து, உருண்டை பிடித்து மூட்டைச் சந்துகளில் வைப்பது அவரும் கூட்டாளி நெட்டையும்தான். கையுறை தீர்ந்து மூன்று மாதமாகிறது. மேலாளர் இதோ அதோ என்கிறார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்களாம். "எலிக்குப் போக மிச்சம் எங்களுக்கு" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்த மருந்து எலிய எப்படிக் கொல்லுதுன்னு தெரியுமா? ரத்தத்த உறைய விடாது. உள்ளுக்குள்ளயே கசிஞ்சுதான் சாகும்."

கடிதம் எழுதிக் கையோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே மறுபடி சோதித்தார்கள். எலி மருந்துதான், சந்தேகமே இல்லை என்றார் அங்கிருந்த டாக்டர். ஈறில் கத்தி பட்டிருந்தால் நிறுத்தியிருக்கவே முடியாதாம். கூட வந்திருந்த மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே டாக்டர், கூட வேறு யார் கலக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் கிடங்குக்காரர் போனை எடுத்தார். நெட்டை நேற்று வேலைக்கு வரவில்லை.

போன் வெகுநேரம் அடித்தது. எடுத்தது நெட்டையின் மகள்.

"பெரியப்பாவா? அப்பா நேத்துலேர்ந்து மண்டையிடின்னு படுத்திருந்தாரு. இப்பதான் அசந்து தூங்குறாரு. சாயங்காலம் பேசச் சொல்லட்டா?"

"இல்லம்மா. இப்பவே எழுப்பு."

அவள் போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. அப்பா என்று கூப்பிட்டாள். கொஞ்சம் உரக்க மறுபடி கூப்பிட்டாள். அதன்பின் கேட்டது கூப்பிடும் குரல் இல்லை.

டாக்டர் அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, வீடு எந்தத் தெரு என்று கேட்டார்.