வேலிக்கு வெளியே வாய்க்கரிசி

தாம்பாளத்தில் கிடந்த அரிசியைச் சாமிநாதன் மறுபடியும் சட்டிக்குள் கொட்டினான். பெண்கள் எல்லாரும் அப்பாவின் வாயில் போட்டு முடித்த பிறகு மிஞ்சியது அது. அதை முடிந்து குழிமேட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று அவனுடைய தாய்மாமன் நல்லமுத்து கையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“என்னா மாப்ள பண்ற? அங்க போட வேணாமா?”

“இங்கயே போட்டாச்சு மாமா. போதும்.”

“இது பொம்பளைங்க போட்டது. ஆம்பளைங்க குழியில எறக்கறதுக்கு முன்னால மொகத்தத் தொறந்து போடணும். ஒத்தப் புள்ள நீ. நீ போடாம எப்படி மண்ணு தள்றது?”

“கேட்டுக்கு வெளிய அரிசி போவக்கூடாது மாமா. நாலு அரிசி மடியில இருந்தாலும் கேசு.”

நல்லமுத்து துணியை மடிக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவன் சொன்னது பொய்யில்லை. காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக்கூடாது என்று சர்க்கார் அந்த வருஷம் தொழிலாளர் லயங்களைச் சுற்றி இரட்டை முள்வேலி போட்டிருந்தது. விடிகாலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நின்று, மடியையும் முந்தானையையும் உதறிக் காட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு வெளியே போனார்கள். மூன்றாம் லயத்து வேலாயி, பிள்ளைக்கு ஊட்டிய மிச்சச் சோற்றை மறந்துபோய் முந்தானையில் முடிந்துகொண்டு போனதற்கு மலாக்கா கோர்ட்டில் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் சாவுக்கு ஒரு வழி இருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு ஆபீசில் உட்கார்ந்து, இன்னார் இறந்துவிட்டார், இன்னார் மகன் ஒரு பிடி அரிசி எடுத்துப்போகிறான் என்று ஒரு சீட்டு எழுதுவார். கேட்டில் காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், எஸ்.சி., அதை வாங்கி வைத்துக்கொண்டு, அரிசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவான். அந்த வேலிக்குள் நடந்த ஆறு சாவுக்கும் அப்படித்தான் நடந்தது. சட்டத்துக்கும் செத்தவர்களுக்கும் நடுவில் கிராணி செய்துவைத்திருந்த ஏற்பாடு அது.

அந்தச் சீட்டுதான் சாமிநாதனுக்கு ஆகவில்லை. அரிசி என்ற சொல்லும் தன் பெயரும் ஒரே காகிதத்தில் இருப்பதை அவன் விரும்பவில்லை. அதுவும் தங்கராஜு கையால் எழுதியதாக.

எட்டு மாதமாக அவன் அப்படித்தான் இருந்தான். சிங்கப்பூரில் தாவர இயல் ஆனர்ஸ் முடித்துவிட்டு, ரப்பர் மரத்தின் இலை உதிரும் நோயைப் பற்றி இங்கிலாந்தில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்வதற்கு உபகாரச் சம்பளம் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தான். கோலாலம்பூரில் நேர்முகம் நன்றாகவே நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் கடைசியில் சிரித்துக்கொண்டே, “போலீஸ் விசாரணை ஒன்று இருக்கிறது, அது முடிந்ததும் தெரிவிப்போம்” என்றார். அந்தச் சிரிப்பை சாமிநாதன் அன்றிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட நேர்முகத்துக்கு வந்திருந்த சீனப் பையனுக்கு ஐந்து வாரத்தில் கடிதம் வந்துவிட்டது. இவனுக்கு நேர்முகம் முடிந்து பதின்மூன்று வாரமாகியும் ஒன்றுமில்லை.

காரணம் ஒன்றுதான் இருக்க முடியும் என்று முடிவு கட்டிவிட்டான். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில், குடும்பத்தில் யாராவது தடை செய்யப்பட்ட சங்கத்தில் இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. நாற்பத்தேழு ஸ்டிரைக்கின்போது அப்பா தம்புசாமி, பின்னால் தடை செய்யப்பட்ட தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டியிருந்தார். தோட்டமே கட்டியிருந்தது. சாமிநாதன் ‘இல்லை’ என்று எழுதினான். அதைத் தெரிந்துகொண்டு எழுதிப்போடக்கூடிய ஆள், தோட்டத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஆள், தன் மகன் சீனியர் கேம்பிரிட்ஜில் இரண்டு தடவை தேறாத ஆள், தங்கராஜு ஒருவர்தான். தபால் பையைத் திறப்பவரும் அவர்தான். “இன்னும் வரலியா தம்பி?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அதில் இருந்த பரிவு அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பாவும் அதையேதான் கேட்டார். நேற்று மத்தியானம் ரப்பர் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, குளிப்பதற்காகக் குழாயடியில் உட்கார்ந்தவர், “தபாலு வந்துச்சாப்பா?” என்றார். “வந்தா சொல்ல மாட்டேனா? சும்மா கேட்டுக்கிட்டே இருக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். வாளி உருண்ட சத்தம் கேட்டு அம்மா இருசம்மாள் ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்று காலையிலிருந்து பத்துத் தடவையாவது அந்தப் பதிலை வேறு மாதிரி சொல்லிப் பார்த்துவிட்டான். நேரம் கடந்துவிட்டது என்று புத்திக்குத் தெரிந்தும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கொட்டகைக்குள் தங்கராஜு வந்தார். மாலையை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு நேராக அவனிடம் வந்தார்.

“சீட்டு எழுதிறட்டுமா தம்பி? அஞ்சு மணிக்குக் கேட்ட மூடிருவான். இப்பவே எழுதிக் குடுத்துர்றேன்.”

“வேணாங்க கிராணி ஐயா.”

“உங்க பேருல ஒரு வரி. நான் கையெழுத்துப் போட்டுர்றேன். மத்தவங்களுக்கெல்லாம் குடுத்ததுதான?”

“இங்கயே எல்லாம் முடிச்சாச்சு. வேணாங்க.”

தங்கராஜு நல்லமுத்துவைப் பார்த்தார். நல்லமுத்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி தலையை ஆட்டிவிட்டு விலகிப்போனார். பரவாயில்லை, கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துவிட்டோம் என்று சாமிநாதன் நினைத்தான். அப்படி நினைத்ததற்காக அப்போது அவனுக்கு வெட்கம்கூட வரவில்லை.

அப்புறம்தான் அந்த ஆளைக் கவனித்தான். வெள்ளைச் சட்டை, காக்கி இல்லாத கால்சட்டை, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. கொட்டகையின் ஓரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் சாவுக்கு வருகிறவன் எவனும் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வருவதில்லை.

“யாரு மாமா அது?”

“மலாக்கா ஸ்டேஷன் மாத்தா-மாத்தா. மணியம்னு பேரு. மப்டியில சுத்துவாரு. போன மாசம் உங்க அப்பாவப் பாக்க வந்தாரே.”

“அப்பாவையா? என்கிட்ட யாரும் சொல்லலியே!”

“மச்சான்தான் சொல்ல வேணாம்னாரு. நீ பயந்துக்குவேன்னு.”

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. போலீஸ்காரன் கேட்டிருந்தால் சங்கம், சந்தா, ஸ்டிரைக்கு, எல்லாவற்றையும் தேதி முதற்கொண்டு சொல்லியிருப்பார். இப்போது செத்த வீட்டுக்கே வந்து நிற்கிறான் என்றால், யார் யார் வருகிறார்கள், மகன் என்ன செய்கிறான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான். நல்லவேளை, அரிசியைக் கொட்டிவிட்டோம்.

மூன்றரை மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். தப்புச் சத்தத்தோடு கேட்டுக்கு வந்ததும் எல்லாரும் நின்றார்கள். மலாய் எஸ்.சி. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைக் குனிந்தபடி பாடையைச் சுற்றி வந்தான். சாமிநாதன் தோளில் இருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி, அவன் கேட்பதற்கு முன்பே உள்ளே காட்டினான். வேட்டி மடிப்பை உதறிக் காட்டினான். இரண்டு கைகளையும் விரித்தான்.

“பெராஸ் தாடா, எஞ்சே” என்றான். அரிசி இல்லை என்று.

எஸ்.சி. நிமிர்ந்து பார்த்தான். ஆறு சாவு பார்த்தவன். இவர்கள் வழக்கம் அவனுக்கும் மனப்பாடம். “ஸிகிட் போலே லா” என்றான் மெதுவாக. கொஞ்சம் கொண்டு போகலாமே, சீட்டு எங்கே என்று கையை நீட்டினான்.

“தா பாயா” என்று சாமிநாதன் குடத்தைத் தூக்கிக்கொண்டான். வேண்டாம்.

குழிமேடு அரை மைல் தள்ளி, பழைய மரங்களுக்கு நடுவில் இருந்தது. பாடையை இறக்கி, மாலைகளை எடுத்து, முகத்துத் துணியை விலக்கினார்கள். வீட்டில் போட்ட அரிசியில் ஒன்றிரண்டு அப்பாவின் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. குழி வெட்டியவர், “வாய்க்கரிசி போடறவங்க வாங்க” என்று பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். யாரும் அசையவில்லை. தப்பு அடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்.

பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. மணியம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, பாலிஷ் போட்ட சப்பாத்தில் செம்மண் ஏறியிருந்தது. கூட்டம் தானாக விலகியது. அவர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, சாமிநாதன் முன்னால் நீட்டினார். அரிசி.

“போடுங்க தம்பி” என்றார், மூச்சு வாங்கியபடி.

சாமிநாதன் கைக்குட்டையைப் பார்த்தான். பொறி என்றால் இதுதான் பொறி. தொட்டால் போதும். ஐம்பது பேர் சாட்சி. அவன் தங்கராஜுவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவன் சந்தேகத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

“வேலிக்கு வெளிய அரிசி வெச்சிருக்கறது ரெகுலேஷன்படி தப்பு சார்” என்றான். எல்லார் காதிலும் விழவேண்டும் என்று சத்தமாகவே சொன்னான். “எங்களுக்கு வேணாம்.”

மணியத்தின் கை நீட்டியபடியே இருந்தது. நல்லமுத்து முன்னால் வந்தார். மருமகனைத் திரும்பிப் பார்க்காமல், கைக்குட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, அப்பாவின் தலைமாட்டில் குந்தி, மூன்று தடவை போட்டார். அவருக்குப் பின்னால் வெட்டுக்காரர்கள் வந்தார்கள். தங்கராஜு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டார். மணியமும் போட்டார். கடைசியில் கைக்குட்டையின் மூலையில் சில அரிசிகள் மிஞ்சின. மணியம் மறுபடியும் ஒரு தரம் சாமிநாதனைப் பார்த்தார். சாமிநாதன் மரங்களைப் பார்த்தான்.

முதல் மண்ணை அவன்தான் தள்ளினான். அதற்கு ரெகுலேஷன் எதுவும் இல்லை.

திரும்பும்போது கூட்டம் அவனைத் தனியாக விட்டுவிட்டு முன்னால் நடந்தது. மணியம் மட்டும் பக்கத்தில் வந்தார். சாமிநாதனால் அடக்க முடியவில்லை.

“யார் சார் எழுதினா?”

“எத?”

“என் பேருல மொட்டைக் கடிதம். கிராணிதான?”

மணியம் நடையைத் தளர்த்தினார். “அப்படி ஒண்ணும் வரலியே தம்பி. சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். உங்க பேப்பர் எங்கிட்டத்தான் வந்துச்சு. நல்லபடியா எழுதி போன மாசமே அனுப்பிட்டேன். கிராணிதான் நல்ல பையன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.”

“அப்புறம் ஏன் இவ்ளோ லேட்டு?”

“எங்க ஆபீஸ்ல எதுதான் லேட்டில்ல? கோலாலம்பூர்ல எவன் மேசையிலயாவது கெடக்கும். வந்துரும் லா.”

சற்றுத் தூரம் நடந்தார்கள்.

“சங்கத்துல சந்தா கட்டுனேன்னு உங்க அப்பாவே சொன்னாரு. நான் கேக்கவே இல்ல. நாப்பத்தேழுல யாருதான் கட்டல, அத எழுதி என்னா ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன். வீட்ல ஒரு நாற்காலிதான இருந்துச்சு? அதுல என்னை ஒக்கார வெச்சுட்டு அவரு நின்னுக்கிட்டே டீ குடுத்தாரு. ‘முப்பது வருசமா நான் பட்டையத்தான் பாத்தேன், எம்புள்ள எலையப் பாக்கறான்’னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நேத்து சாயந்தரம் ஸ்டேஷனுக்குச் சாவு நியூஸ் வந்துச்சு. மனசு கேக்கல. வந்தேன்.”

சாமிநாதன் கேட்டில் உதறிக் காட்டிய வேட்டி மடிப்பை மறுபடி செருகிக்கொண்டான்.

“கேட்ல நீங்க அரிசி இல்லன்னு சொன்னதப் பாத்தேன். அவசரத்துல சீட்டு வாங்க மறந்துட்டீங்கபோல, பாவம்னு நெனைச்சேன். எஸ்.சி. கிட்ட நான் பொறுப்புன்னு சொல்லி எழுதிக் குடுத்துட்டு, உங்க வீட்லயே வாங்கிட்டு ஓடியாந்தேன். உங்க அம்மாதான் அள்ளிக் குடுத்தாங்க.”

கேட் வந்துவிட்டது. மணியம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்து நடந்தார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எஸ்.சி. இந்தத் தடவை சாமிநாதனைச் சோதிக்கவில்லை. உள்ளே வருகிறவர்களை அவன் சோதிப்பதில்லை.

குழாயடியில் ஆண்கள் எல்லாரும் தலை முழுகினார்கள். நேற்று உருண்ட வாளியை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சாமிநாதன் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வாசலுக்கு வந்தான். அம்மா வாசற்படியில் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து வந்து, நனைந்த தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

“பெரிய மனுசன்பா அந்த ஐயா. ஓடியாந்து கேட்டாரு. நல்ல அரிசியாப் பாத்து அள்ளிக் குடுத்தேன்.”

“ம்.”

“போட்டியாப்பா?”

“போட்டேம்மா.”

“மூணு தடவ?”

“மூணு தடவ.”

“அது போதும்” என்றாள் அம்மா. “அது போதும் சாமி.”

நல்லமுத்து பக்கத்தில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் சொட்டி நின்றுவிட்ட பிறகும் அவர் பிழிந்துகொண்டே இருந்தார்.