காய்ச்சி ஆறவைத்த அருவி

அருவியைப் பிடித்து, காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தென்காசியில், எங்கள் தெருவில் குடியிருக்கிறார். பெயர் தளவாய். போன வருஷம் ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் குற்றாலத்து ஐந்தருவியில் நான்கு கிளைதான் விழுந்தது. ஐந்தாவது கிளை தளவாய் வீட்டுப் புறவாசலில் விழுந்துகொண்டிருந்தது. இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. அப்போது அங்கே குளிக்கப் போனவர்களைக் கேட்டால் ஆமாம், ஒன்று குறைந்துதான் இருந்தது என்பார்கள். மழை போதாது என்று காரணமும் சொல்வார்கள். மழை போதாமல் இல்லை. தளவாய் அந்த வருஷம் கடை போடவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஐந்தருவியில் சீசன் கடை. சாரல் விழத் தொடங்கியதும் தார்ப்பாயைக் கட்டி, துண்டு, ஜட்டி, சீயக்காய்ப் பொட்டலம், தேய்த்துக் குளிக்க எண்ணெய் என்று பரப்பிவிடுவார். கடை ஐந்தாவது கிளையின் மடியில் என்றே சொல்லலாம். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சீசனிலும் அவர் சட்டை முழுதாகக் காய்ந்ததில்லை. ஒரு தடவை காதில் இரைச்சல் என்று டாக்டரிடம் போனவருக்குக் காதுக்குள்ளிருந்து கெண்டைக் குஞ்சை எடுத்தார்கள். அவர் மனைவி உலகம்மாளுக்கு வீட்டில் அதைவிட வேலை. தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனியும் ஆடியும் வீடு சொந்தமில்லை. முதல் சாரல் விழுந்த அன்றைக்கே வெளியூர்ச் சொந்தமெல்லாம் போன் போடும். சௌக்கியமா என்று கேட்காது, "தண்ணி விழுதா?" என்று கேட்கும். விழுது என்றால் மறுநாள் வாசலில் வேன் நிற்கும். இந்த விஷயத்தில் உலகம்மாளின் அண்ணன் சங்கரபாண்டியை மிஞ்ச ஆளில்லை. கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அவர், வருஷம் தவறாமல் பெண்டாட்டி பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், சம்பந்திக்குப் பக்கத்து வீட்டார் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார். உலகம்மாள் வடகரைத் தேங்காயில் பால் பிழிந்து சொதி வைப்பாள். ஒரு சீசனுக்கு அவள் பிழிந்த பாலைச் சிற்றாற்றில் விட்டிருந்தால் கடல்வரை வெள்ளையாக ஓடியிருக்கும். அண்ணன் கை கழுவும்போது, "ஒங்கைப் பக்குவம் ஒருத்திக்கும் வராதுட்டி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் அடுத்த சீசன்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று தளவாய் கேலி பேசுவார். பிறகு அந்தக் கேலியை அவர் பேசவில்லை.

போன வருஷம் பங்குனியில் உலகம்மாளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள். அதன்பின் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. தளவாய் மனைவியையும், அவள் வாந்தி எடுக்க மூடிபோட்ட ஒரு வாளியையும் கூட்டிக்கொண்டு மலையைத் தாண்டிப் போனார், வந்தார், போனார். மருந்து சிவப்பு நிறம். அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடிகிறவரை அவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்து உட்கார்ந்து அந்தச் சிமெண்டு பெஞ்சில் அவர் உருவம் பள்ளமாக விழுந்து, வேறு யாரும் அதில் சரியாகப் பொருந்தாமல் போனது. வீட்டில் அவள் கண் விழிக்கும் முன்பே தலையணையில் கிடக்கும் முடியைப் பொறுக்கிவிடுவார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். "இரும்ப நக்குன மாதிரி இருக்குங்க" என்று அவள் ஒதுக்கியதையெல்லாம், வீணாய்ப் போவதை அவள் பார்க்கக் கூடாதென்று அவரே குடித்தார். அவள் இளைக்க இளைக்க அவர் பெருத்தார். தெருவில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிகிற ஒவ்வொரு தடவையும் உலகம்மாள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணன் வந்தானா?"

அண்ணன் வரவில்லை. சேதி சொன்ன அன்றைக்கே சங்கரபாண்டி போனில் விசும்பி அழுதார். "அவள அந்தக் கோலத்துல பாக்க எம்மனசு தாங்காது மாப்ள" என்றார். அந்தக் கோலத்தில் இருக்கிறவளின் மனசு எப்படித் தாங்குகிறது என்று அவரும் கேட்கவில்லை, சொந்தத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. முதல் இரண்டு தடவை தளவாய் உண்மையைச் சொல்லிப்பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை, "வந்தார்ட்டி. நீ தூங்கிட்டுக் கெடந்த. தலையத் தடவிட்டு அழுதுட்டுப் போனார்" என்றார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் வாங்கிவைத்திருந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று தலையணைக்கடியில் இருந்தது. அவள் வாயெல்லாம் புண். ஒரு துணுக்குக்கூடக் கடிக்க முடியாது. பொட்டலத்தை மோந்து பார்த்து, ஊருக்கு வந்ததும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். அப்புறம் ஒவ்வொரு கீமோவுக்கும் அண்ணன் வந்தார், அவள் தூங்கும்போது. டப்பா நிறைந்துகொண்டே வந்தது.

ஐந்தாவது கிளை வீடு தேடி வந்தது ஆனி மாதம் ஒரு மத்தியானத்தில். அன்றைக்கு உலகம்மாளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. "என்னைய ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தளவாய் மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை, அருவி, ஆறு, குளம் எதிலும் கால் வைக்கக் கூடாது. நர்ஸம்மா கடைசியாகக் கதவுவரை வந்து, "சேட்டா, திளப்பிச்ச வெள்ளம் மதி, கேட்டோ" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கொதித்த தண்ணீர் மட்டும்தான் என்று அர்த்தம். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் புறவாசலில் மூட்டை மூட்டையாய்த் துணி விழுந்தமாதிரி ஒரு சத்தம். "ஏங்க, அது நம்ம கடைப் பக்கத்துல விழுததுல்லா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. தளவாய் கதவைத் திறந்து பார்த்தார். வெறும் வானத்திலிருந்து, முருங்கை மரத்துக்கு நேர் மேலே, பனைமரத் தடிமனுக்கு அருவி விழுந்துகொண்டிருந்தது. கடை திறக்காத ஆளைத் தேடி வந்திருக்கிறது.

தளவாய் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு நிற்கவில்லை. அண்டாவைக் கொண்டுபோய் அடியில் வைத்தார். விறகடுப்பை மூட்டினார். அருவியைக் காய்ச்சுவது லேசான காரியமில்லை. அண்டாவுக்குள்ளும் அது விழுந்துகொண்டே இருக்கும், நுரைத்துப் பொங்கும், மூடியைத் தள்ளிக்கொண்டு பாறை தேடும். கொதி வந்ததும் மலை மூலிகை வாசம் கிளம்பிச் செங்கோட்டைவரை போனதில், கொல்லம் ரயிலில் வந்தவர்கள் குற்றாலம் வந்துவிட்டதென்று செங்கோட்டையிலேயே துண்டோடு இறங்கிவிட்டார்கள். ஆறவைத்தால் பச்சைப்பிள்ளைபோல் சாதுவாகிவிடும். வடிகட்டி, புதுத் துண்டை நனைத்து, மனைவியின் கை, கால், முடி கொட்டிய தலை, மார்பில் தையல் போட்ட இடம் என்று ஒற்றி எடுப்பார். அவள், "இப்ப எரியல" என்பாள். அது போதும் அவருக்கு. கால்மணி நேரம் கழித்து மறுபடி எரியும். மறுபடி அண்டா.

தெருவுக்கு விஷயம் தெரிந்த அன்றைக்கே கூட்டம் கூடியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார்கள். குற்றாலத்துக் குரங்குகள் ஓட்டுக்கூரை வழியாகவே வந்து சேர்ந்தன. தெருமுக்கில் மிளகாய் பஜ்ஜிக் கடை முளைத்தது. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம் என்று யாரோ கயிறும் கட்டினார்கள். தளவாய் வாசலை மறித்து, "உள்ள அவ படுத்துருக்கா, யாரும் வரக் கூடாது" என்றார்.

"நாங்க சத்தம் போடாம குளிச்சிட்டுப் போயிருதோம் அண்ணாச்சி" என்றார்கள்.

அவர் கதவைத் தாழ் போட்டார். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு அவர் ஆகாதவர் ஆனார். பொது அருவியைப் பூட்டி வைத்திருக்கிறார் என்றார்கள். சுவர் பாசி பிடிக்கிறது, துணி காயமாட்டேன் என்கிறது என்றார்கள். மாடி ஏறி எட்டிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அருவியைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் ஜன்னலில் ஒரு மொட்டைத் தலை இருந்ததை ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டு ஷமீம் பானு மட்டும் தினமும் கஞ்சி வைத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, அருவி இருக்கும் திசைக்கே திரும்பாமல் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கரபாண்டியின் போன் வந்தது. வழக்கமான போன்தான்.

"மாப்ள, தண்ணி விழுதா?"

தளவாய் அண்டாவைப் பிடித்தபடி, முழங்கால்வரை நனைந்து நின்றுகொண்டிருந்தார். "விழுது அத்தான். எங்க வீட்டுப் புறவாசல்ல விழுது. நீங்க ஐந்தருவிக்கே போக வேண்டாம். இங்கன வந்து குளிங்க, அப்படியே தங்கச்சியையும் ஒரு எட்டுப் பாத்துருங்க" என்றார். சங்கரபாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "வராதவன வரவைக்க இப்படி ஒரு புளுகா? தென்காசிக்காரன் வாய்க்கு ஒரு அணை கட்டணும்லே" என்று வைத்துவிட்டார். மாப்பிள்ளை தன்னைக் கேலி பேசிவிட்டார், அதனால்தான் தங்கையைப் பார்க்கப் போகவில்லை என்று கோவில்பட்டியில் எல்லோரிடமும் சொன்னார். அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. வடக்கே மதுரை, தெற்கே நாகர்கோவில், மேற்கே கேரளம் முழுக்க அருவியை நம்பியது. நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

கீமோவுக்குப் போகும் நாளில் அருவியும் கூடக் கிளம்பும். ரயிலோடு ஜன்னல் ஜன்னலாக நனைத்துக்கொண்டு, கேரள எல்லையில் ரயில் நுழையும் மலைக் குகைவரை வந்துவிட்டு அங்கேயே நின்றுகொள்ளும். தண்ணீர் மாநிலம் தாண்டினால் எத்தனை பஞ்சாயத்து என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. திரும்பி வரும் ரயிலுக்குக் குகை வாயிலில் காத்திருக்கும். புரட்டாசியில் கடைசி மருந்து ஏறி முடிந்தது. மறுநாள் உள்ளங்கை எரியவில்லை. அருவி முருங்கை மரத்தைவிட்டு எழுந்து தன் இடத்துக்குப் போனது. தளவாய் அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். சுவரில் பாசி மட்டும் அப்படியே இருந்தது.

இந்த வருஷம் ஆனியில் ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தது. சங்கரபாண்டி போன் போட்டு, "தண்ணி விழுதா?" என்றார். விழுது என்றதும் வேன் வந்தது. உலகம்மாளுக்குத் தலையில் முளைகட்டிய பயறுபோல் புது முடி சுருள் சுருளாக வந்திருந்தது. இன்னும் அம்மிக் குழவியைத் தூக்கும் தெம்பு இல்லை. தளவாய் வேண்டாமென்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டபோதும், விடியலிலேயே எழுந்து தேங்காய் துருவிச் சொதி வைத்திருந்தாள். "அத்தன தடவ ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவனுக்கு ஒரு நேரம் சோறு போட வேண்டாமா?" என்று கேட்டாள். தளவாய் தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனார். வேனிலிருந்து பிள்ளைகள் துண்டோடு குதித்ததும், அண்ணன் தந்த மிட்டாயை அண்ணன் பேரப்பிள்ளைகளுக்கே கொடுக்கலாமென்று அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அதற்குள் ஷமீம் பானு தன் வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி, போன வருசம் ஒங்க வேனு இந்தப் பக்கமே காணோம்? டயரு பஞ்சரா?"

தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. சங்கரபாண்டி தெருவைப் பார்த்தார், பாசி பிடித்த சுவரைப் பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வராம இருப்பேனா? வந்தேம்மா. தெருமுக்குவரைக்கும் வந்தேன். எங்க, உள்ள காலு வைக்க முடியுதா? அருவித் தண்ணி இடுப்பளவு ஓடுது. நின்னு பாத்துட்டு அழுதுட்டுத் திரும்பிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கு?" என்றாள் உலகம்மாள், படியில் நின்றபடி.

"அங்கன எங்க? ஒங்க ஊரயே தாண்ட முடியலங்கேன்."

உலகம்மாள் கணவனைப் பார்த்தாள். தளவாய் கூரையில் குரங்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதி திறந்திருந்த டப்பாவை அவள் அழுத்தி மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. தளவாய் கிட்டே வந்து அதை அழுத்திக் கொடுத்தார். அவள் அந்தக் கையை விடவில்லை.

"அப்ப எங்க வீட்டுல அருவி விழுந்தது நெசந்தானாண்ணே?"

சங்கரபாண்டி தங்கையின் தலையைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நெசந்தான் உலகு. விழுந்துச்சு. எங்கண்ணால பாத்தேன்."