காபி குடித்த இன்ஸ்பெக்டரும் ஓர் அடையாள அணிவகுப்பும்

1
இந்தக் கதையை லஸ் பஸ் நிறுத்தத்தில் திருடினேன். முன்னால் நின்ற ஒரு மாமி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “இன்ஸ்பெக்டர் நாலு தரம் ஆத்துக்கு வந்து காபி சாப்ட்டிருக்கார். இனிமே எப்படிடீ தெரியலேங்கறது?” அதற்குள் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை நானே ஜோடித்தேன். ஜோடிப்பது போலீஸாருக்கு மட்டுமே உள்ள உரிமையா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

2
‘பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அவனைக் கைதுசெய்ய…’

வேண்டாம். மயிலாப்பூரில் பனி கொட்டாது. (மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பதால் வரும் கோளாறு.)

1973. அறுபத்துமூவர் கூட்டத்தில் விஜயலக்ஷ்மியின் சங்கிலி பறிபோயிற்று. அவள் பார்த்தது ஒரு கையை மட்டும். அந்தக் கைக்கு முகம் தேடப் புறப்பட்ட இன்ஸ்பெக்டர் துரைராஜுக்கு, தி.நகரில் குடை ரிப்பேர் செய்யும் ஷரீஃப் கிடைத்தான். திருவிழாவில் உனக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, வேடிக்கை பார்த்தேன் என்றான். அது போதாதாம்.*

(*மாடவீதிக்காரர்கள் வேடிக்கை பார்த்தால் அதற்குப் பெயர் பக்தி.)

3
ஷரீஃபைச் சிறைக்குக் கொண்டுபோகிற வழியில் துரைராஜ் மாடவீதியிலிருந்த விஜயலக்ஷ்மியின் வீட்டுக்கு வந்தார். அந்த வழி மாடவீதியைத் தொடவே தொடாது. ஜன்னல் வழியாகப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஜன்னலுக்கு நேரே ஜீப்பை நிறுத்தினார், அவ்வளவுதான். டபரா காலியாகும்வரை ஷரீஃப் ஜீப்பில், வெயிலில்.

தனக்கு முகமே தெரியாது என்று அவள் கணவரிடம் சொன்னாள். அவர் பேப்பரை இறக்கவில்லை.

“பாவம், மனுஷர் எவ்வளவு அலைஞ்சிருக்கார். வெறுங்கையோட அனுப்பினா நன்னாவா இருக்கும்?”

“ஏன்னா, அந்தப் பையனை உள்ளே போட்டுடுவாளே.”

“அதைக் கோர்ட் பாத்துக்கும்.”

[இங்கே அவள் மனசாட்சியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ரொம்ப அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.]

4
சிறை முற்றத்தில் ஒரு வரிசை. ஷரீஃபைத் தவிர எல்லாருக்கும் தொப்பை. “தெரிஞ்சவங்க இருந்தா தொட்டுக் காட்டுங்கம்மா” என்றார் மாஜிஸ்திரேட். அவளுக்குத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான்: ஜீப்பில் பார்த்தவன். கேட்ட கேள்விக்கு அதுவும் நேர்மையான பதில்தான்.

அவள் தொட்டால் சட்டம் ஜெயிக்கும். யாருமில்லை என்றால் துரைராஜ் இன்னொரு ஷரீஃபைத் தேடிப் போவார். காபிக்கு வேறு வீடு. ஜீப் விஷயத்தை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிடும் மூன்றாவது முடிவையும் எழுதிப் பார்த்தேன். ‘விஜயலக்ஷ்மி நிமிர்ந்து நின்று…’ அதற்கு மேல் என் பேனாவுக்கே நம்பிக்கை வரவில்லை.

“நல்லா பாத்துச் சொல்லும்மா” என்றான் ஷரீஃப், மெதுவாக. “நான் இன்னா பண்ணேன்?”

வார்டர் அவனை அதட்டினார். அவள் கை உயர்ந்துவிட்டது.

நான் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மீதியை நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை, காபி குடித்துவிட்டே சொல்லலாம். தப்பாகச் சொன்னாலும் உங்களை யாரும் உள்ளே வைக்கப்போவதில்லை.