அப்பா குறட்டை

பன்னிரண்டு இன்றும் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது, அதற்கு மேலே பத்தும் பதினொன்றும் பச்சையாக, பத்து அவர், பதினொன்று நான், சாயங்காலக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மடிக்கணினித் திரையில் இந்த மூன்று வரிகளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு, அத எண்ணிப் பாக்க உனக்கு ஒரு மெஷினா என்று அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்கிறார், அவர் என்றால் என் வீட்டுக்காரர் சவரிராஜ், பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு பேசுவதில் கெட்டிக்காரர், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதையும் அப்படியே சொல்லிப் பழகியவர், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் ஒதுக்கி வைத்திருக்கிறேன், போன் நம் வைஃபையில் இருந்தால் அந்த வரி பச்சை, வெளியே போய்விட்டால் சாம்பல், பன்னிரண்டு எங்கள் மகள் எமல்டாவுடையது, அவள் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, புதுசாக வந்த டிவிக்கு ஓர் எண் வேண்டியிருந்தபோதுகூட இருபதைத்தான் கொடுத்தேன், பன்னிரண்டைத் தொடவில்லை.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள், விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியபோது கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, கூட வேலை பார்த்தவர்கள் தையல் வகுப்புக்குப் போனார்கள், நான் ஒரு பெட்டி இன்டர்நெட் கேபிளும் அதன் முனையில் பிளக் வைத்து அழுத்துகிற குறடும் வாங்கி வந்தேன், இதோ பரணில் ஊர்ந்துபோய்க்கொண்டிருக்கிறேன், ஒட்டடையும் பழைய கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோலும் முகத்தில் ஒட்டுகின்றன, கீழே ஸ்டூல்மேல் நின்று எமல்டா டார்ச் அடிக்கிறாள், பள்ளிக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றவில்லை, அம்மா எலி, எங்கடி, சும்மா சொன்னேம்மா, கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியையும் விரித்து வரிசையாக அடுக்க வேண்டும், வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று ஜெபமாலையில் முதல் பாதி சொல்வதுபோல நான் சொல்ல, மறுபாதியை அவள் சொல்வாள், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு, ஒரு கம்பி இடம் மாறினாலும் சோதிக்கும் கருவியில் விளக்கு எரியாது, வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து, ரெண்டு பேரும் என்னமோ பூசை பண்ற மாதிரி பண்றீங்களே என்று அவர் கீழேயிருந்து சிரிக்கிறார், அப்போதெல்லாம் அவர் நன்றாகச் சிரிப்பார், இப்போதும் அந்தப் பரண் எனக்குக் கனவில் வருகிறது, கனவில் அது முடிவதே இல்லை, ஊர்ந்து ஊர்ந்து மதுரையில் அவள் தங்கியிருக்கும் அறையின் கூரைக்கே வந்துவிடுகிறேன், எட்டிப் பார்த்தால் கீழே தூங்குகிறாள், போர்வை காலுக்குப் போதவில்லை, கேபிளின் நுனியை மெல்லக் கீழே விடுகிறேன், எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் என்று இழுக்கும்போது விழிப்பு வந்துவிடுகிறது.

வைஃபைக்குப் பெயர் வைத்தது அவள்தான், கல்லூரி முதல் வருஷம், ரவுட்டரை பீரோமேல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், அங்கிருந்துதான் எல்லா அறைக்கும் எட்டும், மாதாவுக்கு முன்னாடி மெழுகுவத்தி எரியணும், இது என்ன பச்சையா கண்ணடிக்குது என்று அவர் முணுமுணுத்தார், நான் என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் தட்டிவிட்டாள், அப்பா குறட்டை, தெருவில் யார் போனைத் திறந்தாலும் பட்டியலில் அப்பா குறட்டை, கீழ் வீட்டுக்கு வந்த விருந்தாளி, பாடற்குழுவில் இவரோடு பாடுகிற மோட்சராக்கினி டீச்சர், எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள், அவருக்கு வந்ததே கோபம், மாத்து, இப்பவே மாத்து, மானம் போகுது, மாத்தறேம்ப்பா என்று அவள் மாற்றினாள், அப்பா பெரிய குறட்டை, அதன் பிறகு அவரே கெஞ்சிப் பழைய பெயரையே வாங்கிக்கொண்டார், முன் பால்கனியில் இன்னொரு பெட்டி மாட்டியதும் அவளுக்காகத்தான், தெருமுனை பேக்கரியில் தோழிகளோடு பப்ஸ் தின்றுகொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள், அங்கே வரைக்கும் நம்ம வைஃபை எட்டுச்சுன்னா நான் வீட்டுல இருக்கற மாதிரிதானம்மா, நீ எதுக்கு கூப்புட்டுக்கிட்டே இருக்கே என்றாள், மூன்று நாள் கோணம் பார்த்து மாட்டி அந்த பெஞ்சு வரைக்கும் எட்ட வைத்தேன், மழை பெய்தால் எட்டாது, மற்றபடி சிக்னல் ஒரு கோடு வரும்.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று, எமல்டாவுக்கும் தஞ்சாவூர் மாப்பிள்ளைக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, இரண்டாவது ஓலை அன்று பாடற்குழுவில் அவர் பாடிய பாட்டில் சந்தோஷம் தாங்காமல் குரல் உடைந்தது, வீட்டுக்கு வந்து நான் இட்லி மாவைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன், அவள் அடுப்படி வாசலில் நிற்கிறாள், அம்மா, அந்தத் தடை எனக்குத்தான் தெரியும், என்னடி சொல்றே, அந்த மாப்பிள்ளை போன்ல கத்தறப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கும்மா, இப்பவே இப்படின்னா, நான் கரண்டியைக் கீழே வைத்தேன், சரி, வேணாம் என்றேன், அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை, ஆனால் அப்பாவிடம் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை, நேராகப் பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லிவிட்டாள், மூன்றாம் ஞாயிறு ஓலை இல்லை, பாடற்குழு வரிசையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இவருக்கு எல்லாரோடும் சேர்ந்துதான் அது தெரிந்தது, எனக்கு முன்னாடி ஊருக்குத் தெரியணுமா, இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத என்று பேப்பரைக்கூட இறக்காமல் சொன்னார், நீங்களா வந்து கூப்பிடற வரைக்கும் மிதிக்க மாட்டேம்ப்பா என்றாள், அப்பனுக்குத் தப்பாத பெண், ரெண்டும் ஒரே அச்சு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள், மதுரையில் வேலை தேடிக்கொண்டாள், சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்வாள், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், இப்போது கொஞ்ச வாரமாக இன்னொரு கேள்வியும், என்ன சத்தம் அங்க, கடைக்கு வந்தேம்மா, அப்பா என்ன பண்றாரு, பேப்பர் படிக்கறாரு, ம், அவ்வளவுதான்.

போன மாதம் பழைய ரவுட்டர் சூடேறிச் சூடேறித் தானே அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது, எட்டு வருஷம் உழைத்த பெட்டி, தூசி தட்டினேன், சின்ன மின்விசிறி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, புதுசு வாங்கி வந்து பிரித்து உட்கார்ந்தபோது பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, பேர மாத்திடாத, எந்தப் பேரு, அதான், அந்தக் கருமம் பிடிச்ச பேரு, அது பாட்டுக்கு இருக்கட்டும், அதே பெயரைத் தட்டினேன், பாஸ்வேர்டும் அதே, ஏனென்றால் போனுக்கு ஞாபகம் அதிகம், ஒரு தடவை வந்த வீட்டை மறக்காது, பெயரும் பாஸ்வேர்டும் மாறாமல் இருந்தால் எத்தனை வருஷம் கழித்துத் தெருவுக்குள் வந்தாலும் பைக்குள் கிடந்தபடி தானே ஒட்டிக்கொள்ளும், பன்னிரண்டையும் மறக்காமல் அவள் போனுக்கே எழுதி வைத்தேன், இவ்வளவும் செய்தவள் கடைசியில் ஒரு வேலை செய்தேன், வாட்ஸப்பில் என்னைப் போன்ற கிறுக்குகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், அதில் ஒருவர் வைஃபைத் திருட்டைப் பற்றிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார், புது ரவுட்டரில் அதற்கு ஒரு வசதி இருந்தது, இப்போது இணைந்திருப்பவை மட்டும்தான் உங்கள் வீட்டுக் கருவிகளா, மற்றவற்றுக்குக் கதவை அடைத்துவிடலாமா என்று கேட்டது, பட்டியலில் அவர் போன், என் போன், டிவி, பாட்டும் படங்களும் சேர்த்து வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர், எல்லாம் சரியாக இருந்தது, ஆம் என்று அழுத்தினேன், அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு ஏழெட்டுக் கட்டைவிரலும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஆம் என்ன செய்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது, காப்பியை உறிஞ்சிக்கொண்டே, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியவற்றின் பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, பார்ப்போம் என்று திறந்தேன், ஒரே ஒரு போன், திரும்பத் திரும்ப அது மட்டும், போன சனிக்கிழமை தட்டியிருக்கிறது, அதற்கு முந்தின சனிக்கிழமை, அதற்கும் முந்தினது, ஒவ்வொரு முறையும் அனுமதி இல்லை என்று அனுப்பியிருக்கிறது, என்னங்க, எவனோ நம்ம வைஃபைக்குள்ள நுழையப் பாக்கறான் என்றேன், எதிர் மாடிக்குக் குடிவந்தவனா இருக்கும், நல்லா அடைச்சு வையி என்றார், இவனை நிரந்தரமாகத் தொலைத்துக் கட்டுகிறேன் பார் என்று ரோஷத்தோடு அந்த வரியின்மேல் அம்பைக் கொண்டுபோனேன், ஒவ்வொரு போனுக்கும் வண்டி நம்பர் மாதிரி பிறக்கும்போதே ஒரு நீள எண் உண்டு, அதைப் படித்தேன், பாதி படிக்கும்போதே மீதியை என் வாய் சொல்லிவிட்டது, ஒன்றரை வருஷமாகக் காப்பியும் கையுமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும் எண், பன்னிரண்டாம் வரியின் எண், காப்பியை மேசையில் வைத்துவிட்டேன், கடைக்கு வந்தேம்மா என்று அவள் சொன்ன கடை நம் தெருமுனை பேக்கரி, அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் அப்பா என்ன பண்றாரு என்று கேட்டிருக்கிறாள், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, பப்ஸ் தின்றாளோ இல்லையோ, வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள், அவள் பைக்குள் இருந்த அந்தப் பழைய போன் அவளுக்குத் தெரியாமலே ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குள் வரப் பார்த்திருக்கிறது, நான் விடவில்லை, பக்கத்தை மறுபடி புதுப்பித்தேன், மேலே இன்னொரு வரி வந்து விழுந்தது, இன்றும் சனிக்கிழமை, இப்போது, இந்த நிமிஷம்.

என்னங்க, பாப்பா தெருமுனையில இருக்கா, பேப்பர் அசையவில்லை, யாரு சொன்னா, அவ போன் சொல்லுது, வாராவாரம் வந்திருக்கா, வந்து அந்த பேக்கரியில உக்காந்துட்டுப் போயிருக்கா, பேப்பர் இறங்கியது, அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எனக்கே வெகுநாள் ஆகியிருந்தது, தாடி நரைத்துப்போயிருந்தது, வாராவாரமா என்றார், வாராவாரம் என்றேன், வாராவாரமா என்று மறுபடியும் கேட்டார், அப்பறம் எதுக்கு அங்கயே உக்காந்துக்கிட்டு, அவருக்கே பதில் தெரியும், எழுந்தார், சட்டை எங்க, என் சட்டைய எங்க வச்சே என்று கண்ணெதிரே ஆணியில் தொங்கிய சட்டையை வீடு முழுக்கத் தேடினார், எடுத்துக் கொடுத்தேன், பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார், போனைப் பழக்கத்தில் பைக்குள் செருகினார், மடித்துக் கட்டிய வேட்டியோடு கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கிப் போனார், இழுத்துச் சாத்தினால் எங்கள் கதவு தானே பூட்டிக்கொள்ளும்.

நான் திரைக்கு வந்தேன், அவள் போனை உள்ளே விடும்படி ஒரு கட்டத்தில் குறி போட்டேன், சாம்பல் போய்ப் பச்சை வந்தது, பன்னிரண்டு, எமல்டா, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னக் கோடுகள் நிற்கும், போன் வீட்டுக்குக் கிட்டே இருந்தால் நான்கு, தள்ளிப் போகப்போகக் குறையும், அவளுக்கு ஒரே ஒரு கோடு, அவருக்கு நான்கு, நடக்கிறார், மூன்று, மூட்டு வலி உள்ள மனுஷன், இத்தனை வேகமாக எதற்கு, இரண்டு, பிறகு ஒன்று, ஒன்றும் ஒன்றுமாக இரண்டு வரிகளும் நிற்கின்றன, நின்றுகொண்டே இருக்கின்றன, என்ன பேசுகிறார்கள், மாதாவே, இந்த மனுஷன் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டுமே, பேப்பர்கூடக் கையில் இல்லையே, திடீரென்று பன்னிரண்டு சாம்பலாகிவிட்டது, எழுந்து போய்விட்டாளா, நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், பால்கனிக்கு ஓடவா என்று நினைப்பதற்குள் மறுபடி பச்சை, அந்த ஓரத்தில் அப்படித்தான், விட்டு விட்டு எடுக்கும், நான் மாட்டிய பெட்டிதானே, எனக்குத் தெரியாதா, காப்பியில் ஏடு படிந்துவிட்டது, அழுகிறேனா என்று தொட்டுப் பார்த்தேன், அழுதுகொண்டுதான் இருக்கிறேன், அப்போது பத்துக்கு இரண்டு கோடு வந்தது, பன்னிரண்டுக்கும் இரண்டு, பத்துக்கு மூன்று, பன்னிரண்டுக்கு மூன்று, யாரோ ஒருவர் மெதுவாக நடப்பதற்காக இன்னொருவர் நின்று நின்று வருகிறார் போலிருக்கிறது, நான்கு, நான்கு, ரெண்டுக்கும் நான்கு, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் ஏதோ சத்தம் வருவதுகூட எனக்கு உறைக்கவில்லை, கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல், ஏம்மா, கதவத் தெற, எவ்வளவு நேரமாத் தட்டறது, ரெண்டு பேரு நிக்கறோம்ல.