கேட்டு வாங்கிய பாடம்

வாத்தியாருக்குத் தமிழ் தெரியும் என்பது அந்தச் சலவைக் கூடத்தில் இஸ்திரி அக்கா ஒருத்திக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அதைக் கமுக்கமாக வைத்துக்கொண்டு ஒரு வருஷமாகக் காரியம் சாதித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவனுடைய கடைசி வகுப்பு.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பக்கத்து அறையில், வேலை முடிந்தபின் வகுப்பு நடக்கும். மேலே டாக்டர் முதல் மேலாளர் அம்மாள் வரை பேசுவது இங்கிலீஷ். கீழே துவைக்கிறவர்கள் பேசுவது தமிழ். இரண்டுக்கும் பாலம் போடச் சம்பளம் வாங்காமல் கடல் தாண்டி வந்த பையன் அவன். வகுப்பில் இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று அவனை அனுப்பிய தொண்டுச் சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். அவன் ஒரு படி மேலே போய், தனக்குத் தமிழே தெரியாது, அதெல்லாம் தாத்தா காலத்தோடு போயிற்று என்று சாதித்துவிட்டான். நம்ம ஆள் என்று மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள்.

வந்த புதிதில் ஒரு நாள், அக்கா தள்ளிக்கொண்டு போன துணி வண்டி அவன் காலில் ஏறிவிட்டது. "ஐயோ அம்மா!" என்று அலறினான். உடனே முகத்தை இங்கிலீஷாக மாற்றிக்கொண்டு "நோ ப்ராப்ளம்" என்றான். அக்கா ஒன்றும் கேட்காதவள் போல வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மறுவாரம் சோதித்துப் பார்த்தாள். துணி மடிக்கும் பெரியம்மாவிடம், "குளியலறை ஒழுகுது பெரியம்மா. வீட்டுக்காரன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்று அவன் காதுபடப் புலம்பினாள். அடுத்த வகுப்பில் பாடமே வீட்டுக்காரரிடம் ஒழுகும் குழாயைப் பற்றிப் பேசுவதுதான். பல்வலி என்றாள், பலகையில் பல் டாக்டர் வந்தார். மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றாள், தலைமையாசிரியை வந்தார். "இந்தப் பையனுக்கு ஞானதிருஷ்டி இருக்குடி" என்று பெரியம்மா அதிசயப்பட்டாள். அதே வாயால், தொளதொளச் சட்டையோடு நிற்கும் அவனைச் சோளக்கொல்லைப் பொம்மை என்றும் சொல்வாள். அப்போதெல்லாம் அவன் சுவரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்றைக்கு அக்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு பாடம். மேற்பார்வையாளர் வேலைக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ என்று நேற்றுத்தான் சொன்னார்கள். போன தடவை, இந்த வேலை உனக்கு ஏன் வேண்டும் என்று மேலாளர் அம்மாள் கேட்டபோது பேயறைந்தவள் மாதிரி நின்றுவிட்டு வந்தாள். இப்போது வலது தோளைத் தூக்கித் தலைகூட வார முடியவில்லை. இதுவும் கைநழுவினால் அந்த நீராவி இஸ்திரியே கதி. தோள் அடியோடு போய்விடும்.

"பெரியம்மா, திங்கட்கிழமை இன்டர்வியூ. வேலை ஏன் வேணும்னு கேட்டா என்ன சொல்றது?"

அவன் பலகைப் பக்கம் திரும்பி எழுதினான். பாடம்: விமான நிலையத்தில்.

அக்கா இன்னும் உரக்கச் சொன்னாள். அவன் பாட்டுக்குப் பெட்டி எத்தனை கிலோ, ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்று நடத்திக்கொண்டு போனான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்குப் போகிற குஷியில் காது அடைத்துவிட்டதா இவனுக்கு? ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பது சரியாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் தடவையும் சொல்லிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்து, "யுவர் லக்கேஜ், ப்ளீஸ்?" என்றான்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"நோ லக்கேஜ்! நோ ஏர்போர்ட்! யூ கோ ஏர்போர்ட். ஐ நாட் கோ. மண்டே ஐ கோ இன்டர்வியூ. டுடே யூ டீச் இன்டர்வியூ!"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலாளர் அம்மாள் மாதிரியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"வொய் டு யூ வான்ட் திஸ் ஜாப்?"

"டுவெல்வ் இயர்ஸ் ஐ அயர்ன்! ஆல் வார்டு, ஆல் ஷீட், ஐ நோ. மை ஷோல்டர் டயர்ட். மை ஹெட் நாட் டயர்ட்!"

கொட்டித் தீர்த்த பிறகுதான், எந்த மொழியில் கொட்டினோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"இதையே திங்கட்கிழமை சொல்லுங்கக்கா. ஒரு வார்த்தைகூட மாத்தாதீங்க" என்றான் வாத்தியார்.

பெரியம்மா கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். "அடப்பாவி! தமிழு! அப்ப நான் பேசினதெல்லாம்..."

"சட்டை எங்க அண்ணனோடது பெரியம்மா. அவன் கொஞ்சம் பருமன்."

அறையே குலுங்கிச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "காதுல விழுந்துச்சில்ல? அப்புறம் ஏன் என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"அடுத்த வாரம் புது டீச்சர் வராங்கக்கா. அவங்களுக்கு நிஜமாவே தமிழ் தெரியாது. மேலாளர் அம்மாவுக்கும் தெரியாது. இனிமே நீங்க நேராத்தான் கேட்டு வாங்கணும்." தலையைக் குனிந்துகொண்டான். "உங்களை இப்படியே விட்டுட்டு எப்படிப் போறதுன்னு எனக்குத் தூக்கமே வரல."

அக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. பெட்டி கட்டுகிற அவசரத்திலும் இந்தப் பிள்ளை தன்னை நினைத்திருக்கிறதே என்று கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள்.

வகுப்பு முடிந்ததும், துணி மூட்டைகள் ஏற்றும் பின்வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

"போயிட்டு வரேன்க்கா" என்றான்.

தொண்டைவரை தமிழ் வந்தது. அக்கா அதை விழுங்கினாள். வலிக்கிற தோளைத் தூக்கிக் கையசைத்தாள்.

"கோ அண்ட் கம், சார்."

ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தியவன், இதைத் திருத்தவில்லை.